அடி வாங்கினால் முதலில் தேதியை எழுதுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

வேலை செய்கிற இடத்தில் வாங்கும் அடி, மிரட்டல், வசவு பற்றி இந்த முறை நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். பெயர் போட வேண்டாம் என்று அநேகமாக எல்லோருமே கேட்டிருப்பதால் ஊரை மட்டும் போடுகிறேன். சிலருக்கு ஊரும் வேண்டாமாம், சரி.

கேள்வி: கடலூரிலிருந்து புதுச்சேரி போகிற சாலையில் ஒரு பெட்ரோல் பங்கில் சூப்பர்வைசராக இருக்கிறேன். ராத்திரி ஷிஃப்ட்டில் பையன்கள் அடி வாங்குவது வாடிக்கையாகிவிட்டது. போன மாதம் ஒருவனுக்குப் பல்லே போய்விட்டது. முதலாளியிடம் சொன்னால் 'எல்லாம் நாம பேசுற விதத்துல இருக்கு' என்கிறார். போலீஸ் வருகிறது, சமாதானம் ஆகிறது, அடுத்த வாரம் திரும்ப நடக்கிறது. இதைத் தடுக்க வழியே இல்லையா?
— பெயர் வேண்டாம், கடலூர்

பதில்: பல் போன பையனிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் சமாதானம் பேசி வைத்தவர்கள் இதை அவனிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். எலும்போ பல்லோ உடைந்துவிட்டால் சட்டத்தில் அது சாதாரணக் காயம் கிடையாது, கொடுங்காயம். பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 117(2)-ன்படி 7 வருடம் வரை தண்டனை உண்டு. வெறும் அறை என்றால் 115(2), ஒரு வருடம் வரைதான், அதுவும் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத குற்றம், அதனால்தான் புகாரை வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாக ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து 'பேசி முடிச்சுக்கங்க' என்று அனுப்பிவிடுகிறார்கள். பல் விஷயத்தை அப்படி முடிக்க முடியாது, எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் அதே புகாரை மாவட்ட எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

ஆனால் இவ்வளவும் ஒரு தாளைப் பொறுத்தது. அடிபட்ட ராத்திரி பையனை மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனீர்களா? அங்கே கேசுவாலிட்டியில் டாக்டர் 'எப்படி ஆச்சு' என்று கேட்டபோது அவன் என்ன சொன்னான்? இன்ன தேதி, இத்தனை மணிக்கு, இன்ன இடத்தில், தெரியாத நபர்கள் இரண்டு பேர் கையால் தாக்கியதாகச் சொல்கிறார் என்று விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி எழுதுவார்கள். ஏ.ஆர். காப்பி என்று கோர்ட் வாசலில் எல்லோரும் சொல்வது இதைத்தான். முதலாளியோ மேனேஜரோ பக்கத்தில் நின்று கண்ணைக் காட்ட, பையன் 'பைக்குல இருந்து விழுந்துட்டேன்' என்று சொல்லியிருந்தால் அதுவே பதிவு. பிறகு வழக்கு நடக்கும்போது எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்தத் தாளைத்தான். அடியும் உண்மை, சாட்சியும் உண்மை, ஏ.ஆர். மட்டும் பொய் என்று போய்த் தோற்ற வழக்குகளை இந்த ஊர் கோர்ட்டில் நான் போதுமான அளவுக்குப் பார்த்தாயிற்று.

இனி தடுக்கிற வழி. உங்கள் நீளமான கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், பாதிப் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். பாட்டிலில் பெட்ரோல் கேட்டு இல்லையென்றதும் அடித்தது, ஜிபே போயிடுச்சு என்று மொபைலைக் காட்டியும் சவுண்ட் பாக்ஸ் பேசாததால் வண்டியை மறித்தபோது அடித்தது, கடைசி பம்பில் இருட்டாக இருக்கிற பக்கம் நடந்தது என்று நினைவிலிருந்து சொல்கிறீர்கள். நினைவில் இருப்பதை நோட்டில் ஏற்றுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, மணி, எந்த பம்ப், எதில் ஆரம்பித்தது, அப்போது எத்தனை பேர் டூட்டியில் இருந்தார்கள், வந்தவர் கையில் என்ன இருந்தது, அதற்குப் பிறகு நாம் என்ன செய்தோம். அடி விழுந்தால் மட்டும் எழுதினால் போதாது. கை ஓங்கியதையும், சட்டையைப் பிடித்ததையும், 'வெளியே வாடா பாத்துக்கறேன்' என்றதையும் எழுதவேண்டும், ஏனென்றால் பல் போவதற்கு முன்னால் அதே இடத்தில் அதே காரணத்துக்காகச் சட்டையைப் பிடித்த சம்பவங்கள் இருந்திருக்கும், அதை யாரும் கணக்கில் வைத்திருக்க மாட்டார்கள். பையன்களிடம் நோட்டைக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளாதீர்கள், ஷிஃப்ட் முடியும்போது நீங்களே கேட்டு எழுதுங்கள். இல்லையென்றால் 'அடி வாங்கினதைப் போய் எவன் எழுதுவான்' என்று வெட்கத்தில் விட்டுவிடுவார்கள்.

இது நான் உட்கார்ந்து கண்டுபிடித்த யோசனை இல்லை. வேல்ஸில் கார்டிஃப் என்று ஒரு ஊர். அங்கே ஜொனாதன் ஷெப்பர்டு என்கிற முக அறுவை சிகிச்சை மருத்துவர், உடைந்த தாடையோடும் கிழிந்த முகத்தோடும் வருகிறவர்களில் பெரும்பாலோர் போலீசுக்குப் போவதே இல்லை என்பதைக் கவனித்தார். கேசுவாலிட்டியில் சீட்டுப் போடும்போதே எங்கே, எப்போது, எதனால் அடித்தார்கள் என்று கேட்டு எழுதச் சொல்லி, பெயரை எடுத்துவிட்டு மீதியைப் போலீசுக்கும் நகராட்சிக்கும் கொடுக்க ஏற்பாடு செய்தார். எந்தத் தெருவில், எந்த மதுக்கூடத்தில், எந்த நேரத்தில் என்று தெரிந்த பிறகுதான் ரோந்தை அங்கே திருப்ப முடிந்தது. கார்டிஃப் மாடல் என்று அதைப் பல நாடுகளில் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2024 ஜூலை 1 முதல் பெரும்பாலான முதலாளிகள் வன்முறைச் சம்பவங்களுக்கென்றே ஒரு பதிவேடு வைத்தாக வேண்டும், மிரட்டலும் அதில் ஏற வேண்டும், ஆட்களின் பெயர் இருக்கக் கூடாது, 5 வருடம் வைத்திருக்க வேண்டும், தொழிலாளி கேட்டால் காட்ட வேண்டும். செய்தவர் யார் என்பதையும் நான்கு வகையாக அங்கே பிரிக்கிறார்கள்: திருட வந்த வெளியாள், வாடிக்கையாளர், கூட வேலை பார்ப்பவர், வீட்டுத் தகராறோடு தேடி வருகிறவர். பிரிப்பதில் காரியம் இருக்கிறது. திருட வருகிறவனுக்கு எதிரே கல்லாவைக் குறைக்க வேண்டும், வாடிக்கையாளருக்கு எதிரே தகராறின் காரணத்தைக் குறைக்க வேண்டும், இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாக ஒரு வயசான வாட்ச்மேனைப் போட்டுவிடுகிறோம்.

உங்கள் பங்கில் நடப்பது பெரும்பாலும் இரண்டாம் வகை. புதுச்சேரியில் பெட்ரோல் விலை குறைவு என்று எல்லை தாண்டிப் போய் டேங்கை நிரப்பிக்கொண்டு வருகிற ஊர் இது. ராத்திரி நேரத்தில் உங்களிடம் வருகிறவர்களில் ஒரு பகுதி, பாதி வழியில் வண்டி நின்று போய்த் தள்ளிக்கொண்டோ பாட்டிலைத் தூக்கிக்கொண்டோ வருகிறவர்கள். வரும்போதே எரிச்சலோடு வருவார்கள், சிலர் சரக்கோடும் வருவார்கள். அவர்களிடம் பத்தொன்பது வயசுப் பையன் 'பாட்டில்ல தர முடியாது' என்று சொன்னால் அது அவனுடைய திமிராகத் தெரியும். அதையே ஆள் உயரப் போர்டில், பங்குக்குள் நுழைகிற இடத்திலேயே, விளக்கு வெளிச்சத்தில் எழுதி வைத்தால் விதி என்று தெரியும். சவுண்ட் பாக்ஸ் ஆபீஸ் அறைக்குள் இருந்துகொண்டு பேசினால் பம்பில் நிற்பவனுக்குக் கேட்காது, பம்புக்கு ஒன்று வாங்கி வையுங்கள். வண்டிச் சாவியைப் பிடுங்கக் கூடாது. பணம் வராவிட்டால் சாவியைப் பிடுங்குவது பங்குப் பையன்களுக்குப் பழக்கமாகிவிட்டது, முக்கால்வாசி அடி அந்த நொடியில்தான் விழுகிறது என்று நினைக்கிறேன். வண்டி நம்பரை எழுதிக்கொண்டு விட்டுவிடச் சொல்லுங்கள்.

விட மாட்டார்கள். ஏன் விட மாட்டார்கள் என்பதை உங்கள் முதலாளியிடம்தான் கேட்கவேண்டும். 200 ரூபாய் கணக்கில் குறைந்தால் அது யார் சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது? கடிதத்தில் நீங்கள் இதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரிந்த பங்குகளில் பையன் தலையில்தான் கட்டுகிறார்கள். அவனுடைய அரை நாள் கூலி அந்த வண்டியோடு போகிறது என்றால் மறிக்கத்தான் செய்வான். தொழிலாளியின் கவனக்குறைவால் நேரடியாக ஏற்பட்ட இழப்பாக இருந்தால் ஒழிய, அதுவும் அவனிடம் விளக்கம் கேட்ட பிறகே ஒழிய, சம்பளத்தில் கை வைக்கக் கூடாது என்பது 1936 சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலிருந்தே இருக்கிற விதி. இந்தப் பிடித்தத்தை நிறுத்தச் சொல்லுங்கள். போர்டு, விளக்கு, கேமரா எல்லாவற்றையும்விட இது ஒன்று அதிகம் தடுக்கும் என்பது என் அபிப்பிராயம், செலவும் கம்மி.

கேமரா என்றதும் ஒன்று. பதிவு சில வாரங்களில் தானாக அழிந்து, அதன் மேலேயே புதுப் பதிவு ஏறிவிடும். சம்பவம் நடந்த மறுநாளே 'இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை உள்ள பதிவைப் பாதுகாக்கவும்' என்று எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். கோர்ட்டுக்குப் போகும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63-ன்படி, மின்னணுப் பதிவுக்கான ஒரு சான்றிதழும் கூடவே வேண்டும், அது இல்லாமல் பென்டிரைவை மட்டும் நீட்டினால் ஓரமாக வைத்துவிடுவார்கள்.

கேள்வி: பண்ருட்டியில் ஓட்டல் நடத்துகிறேன். கடையில் நடக்கும் தகராறு எல்லாவற்றையும் எழுதி வைக்கச் சொல்லி ஆடிட்டர் சொல்கிறார். நாளைக்கு அதையே எனக்கு எதிராகச் சாட்சியாகக் காட்ட மாட்டார்களா?
— ஓட்டல் முதலாளி, பண்ருட்டி

பதில்: காட்டலாம். நல்ல கேள்வி, நேர்மையாகவும் கேட்டிருக்கிறீர்கள். ஐந்து தடவை எழுதி வைத்துவிட்டு ஒன்றுமே செய்யாமல் இருந்தால், ஆறாவது தடவை மண்டை உடையும்போது அந்த நோட்டு உங்களுக்கு எதிரிதான். எழுதிய ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இதற்குப் பிறகு இதைச் செய்தோம்' என்று ஒரு வரி இருந்தால் உங்களைக் காப்பாற்றப் போவதும் அதே நோட்டுதான். நோட்டே இல்லாவிட்டால் சாட்சி இல்லாமல் போய்விடும் என்று நினைக்காதீர்கள், இன்றைக்கு சப்ளையர் ஒவ்வொருவர் பையிலும் கேமரா இருக்கிறது.

உங்கள் தொழிலில் நோட்டைப் பார்க்காமலே சொல்லலாம், டாஸ்மாக் ராத்திரி 10 மணிக்கு மூடிய பிறகு வருகிற ஒரு மணி நேரம்தான் வம்பு. அந்த நேரத்துக்கு மட்டும் முதலில் பில், பிறகு சாப்பாடு என்று மாற்றிப் பாருங்கள். புரோட்டாக் கல் வாசலை ஒட்டி இருந்தால் மாஸ்டருக்குப் பின்பக்கம் ஒதுங்க வழி இருக்கிறதா என்று பாருங்கள், பல கடைகளில் பின்னால் சுவர், முன்னால் கொதிக்கிற கல், நடுவில் ஆள். இன்னொன்று, கேட்காததைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: மாஸ்டர் உதவியாளைக் கரண்டியால் அடிப்பதையும் எழுதவேண்டும். அதைத் தொழில் கற்றுக்கொடுப்பதாகவே நம் ஓட்டல் சமையற்கட்டுகளில் நினைக்கிறார்கள். நானும் நாலு கரண்டி அடி வாங்கித்தான் மாஸ்டர் ஆனேன் என்று பெருமையாகச் சொல்கிறவர்களும் உண்டு. அடி வாங்காமல் இன்னும் சீக்கிரம் ஆகியிருப்பார் என்பதுதான் என் பதில்.

கேள்வி: தனியார் மருத்துவமனை ஒன்றில் கான்ட்ராக்ட் நர்சாக இருக்கிறேன். நள்ளிரவில் ஒரு பேஷண்ட் இறந்ததும் அவருடைய மகன் என்னை அறைந்துவிட்டார். புகார் கொடுக்கப் போனால் 'ஆஸ்பத்திரி பேர் கெட்டுடும், அவங்க வீட்டுல சாவு, நீதான் புரிஞ்சுக்கணும்' என்று நிர்வாகம் தடுக்கிறது. நான் என்ன செய்யட்டும் சார்?
— ஒரு செவிலியர்

பதில்: சகோதரி, புகார் கொடுக்க நிர்வாகத்தின் அனுமதி தேவையில்லை. அடி வாங்கியது உங்கள் கன்னம், புகார்தாரரும் நீங்களே. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறைக்கென்றே 2008-ல் தனிச் சட்டம் வந்தது, 48-வது சட்டம். டாக்டருக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை, நர்சும் அதில் அடக்கம், தனியார் மருத்துவமனையும் அடக்கம். குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 10 வருடம் சிறை, ஜாமீனில் விட முடியாத பிரிவு. புகாரில் இந்தச் சட்டத்தின் பெயரை நீங்களே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் வெறும் 115(2)-ல் போட்டு ஓரம் கட்டிவிட வாய்ப்பு உண்டு. அந்த ராத்திரியே அரசு மருத்துவமனைக்குப் போய் ஏ.ஆர். போடாமல் விட்டிருந்தால் இனி அதற்காக வருந்த வேண்டாம், டூட்டியில் கூட இருந்தவர்களின் பெயரையும் நேரத்தையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் பயிற்சி மருத்துவர் கொலையான பிறகு மத்திய சுகாதாரத் துறை ஒரு குறிப்பாணை அனுப்பியது. பணியில் இருக்கும்போது ஊழியர் தாக்கப்பட்டால் 6 மணி நேரத்துக்குள் நிறுவனத்தின் சார்பில் எஃப்.ஐ.ஆர். போட வைப்பது அதன் தலைவரின் பொறுப்பு என்று அதில் இருக்கிறது. ஜிப்மர் போன்ற மத்திய அரசு நிறுவனங்களை மனதில் வைத்து வந்தது அது, உங்கள் மருத்துவமனையைக் கட்டாயப்படுத்தாது. இருந்தாலும் உங்கள் நிர்வாகத்திடம் அதைப் பற்றிச் சொல்லுங்கள். சாவு வீடு என்று சொல்லி நம்மை வாயடைப்பது எளிது, அந்த மகன் மீது எனக்கும் இரக்கம் உண்டு, ஆனால் அவர் ஏன் உங்களை அறைந்தார், கேஷியரையோ கன்சல்டண்டையோ ஏன் அறையவில்லை? நீங்கள் மட்டும்தான் அங்கே நின்றுகொண்டிருந்தீர்கள். அந்த நேரத்தில் இறப்புச் செய்தியைச் சொல்லும் வேலையை வார்டில் ஆகக் குறைந்த சம்பளம் வாங்குகிற பெண் தலையில் கட்டியதே முதல் கோளாறு.

தடுப்பது அங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும். நிலைமை மோசமாகும்போதே குடும்பத்தில் ஒருவரைக் கூப்பிட்டு டாக்டர் சொல்லிவிட வேண்டும். நெஞ்சை அமுக்கி உயிர் கொடுக்கப் பார்க்கிற அந்த அரை மணி நேரம் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் கதவுக்கு வெளியே நிற்கிறவர்களுடன் நிற்பதற்கென்று ஒருவர் வேண்டும். செய்தியைச் சொல்கிறவர் இரண்டு பேராக இருக்கவேண்டும், நடைபாதையில் நின்றுகொண்டு சொல்லக் கூடாது, சொல்கிறவருக்கு வெளியே போகிற வழி முதுகுப் பக்கம் இருக்கவேண்டும். மீதி பில்லைக் கட்டினால்தான் பாடி என்கிற பேச்சை நர்ஸ் வாயிலிருந்து வரவைக்கவே கூடாது, அந்த வசனம் தேவையென்று நினைக்கிற நிர்வாகி எழுந்து வந்து தானே பேசட்டும். 2024 நவம்பர் 13-ம் தேதி சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் ஒரு நோயாளியின் மகன் புற்றுநோய் மருத்துவரைக் கத்தியால் குத்திய பிறகு வாசலில் மெட்டல் டிடெக்டர், நோயாளியோடு வருகிறவர்களுக்கு அடையாள டேக் என்று பேசினார்கள். கத்தி கொண்டு வருகிறவனை அது நிறுத்தும், வாஸ்தவம். உங்களை அறைந்தவர் கத்தியோடு வரவில்லையே.

கேள்வி: அரசு பஸ் கண்டக்டர் நான். சில்லறைத் தகராறில் ஒரு பயணி அடித்துவிட்டார். ஸ்டேஷனில் 'சாதாரண அடிதடி' என்கிறார்கள்.
— விருத்தாசலம் பக்கம்

பதில்: சாதாரண அடிதடி இல்லை. அரசுப் போக்குவரத்துக் கழகம் அரசு நிறுவனம், அதன் ஊழியர் டூட்டியில் இருக்கும்போது பொது ஊழியர். பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 132, பணி செய்யவிடாமல் தாக்குவது, 2 வருடம் வரை, ஜாமீனில் வர முடியாதது. பழைய ஐ.பி.சி. 353 என்று சொன்னால் ஸ்டேஷனில் சட்டென்று புரிந்துகொள்வார்கள். பஸ்சை ஓரமாக நிறுத்தியதும் இரண்டு பயணிகளின் போன் நம்பரை வாங்கிக்கொள்வது நல்லது, அடுத்த ஸ்டாப்பில் எல்லா சாட்சியும் இறங்கிப் போய்விடும். டிப்போவிலும் எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முந்திரி கம்பெனியில் கொட்டை உடைக்கிறோம், ஏழு பெண்கள். முதலாளியின் தம்பி எடை போடும்போது தொடுகிறார், கண்டபடி பேசுகிறார். எதிர்த்துப் பேசினால் எடையைக் குறைத்துப் போடுகிறார். கம்பெனியில் புகார் கமிட்டி எல்லாம் கிடையாது. வீட்டில் சொன்னால் வேலையை விட்டு நில் என்பார்கள்.
— பண்ருட்டி வட்டம்

பதில்: பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடத்தில் கமிட்டி இருக்காது என்று தெரிந்துதான் 2013 சட்டத்தில் அதற்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் உள்ளூர் புகார்க் குழு இருக்கவேண்டும். சின்னப் பட்டறைகள், வீட்டு வேலை, முதலாளியே புகாருக்கு ஆளானவர் என்றால் பெரிய கம்பெனிகள்கூட, எல்லாமே அந்தக் குழுவின் கீழ் வரும். கடலூர் கலெக்டர் அலுவலகத்துக்குப் போய் மாவட்ட சமூக நல அலுவலகம் எங்கே என்று கேளுங்கள். போக முடியாவிட்டால் 181-க்குப் போன் செய்யுங்கள், வழி சொல்வார்கள். கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் புகார் எழுத்தில் போகவேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் தருவார்கள். எழுதத் தெரியாவிட்டால் எழுதிக் கொடுப்பதும் குழுவின் வேலைதான், தயங்காதீர்கள். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். விசாரணை நடக்கும்போது விடுப்போ இடமாற்றமோ கேட்கலாம், அந்த ஆள் எடை போடும் இடத்தில் இருக்கக் கூடாது என்றும் கேட்டுப் பாருங்கள்.

எடையைக் குறைப்பது பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் கையில் இருக்கிற பலமான சாட்சி. ஏழு பேரும் தினம் தினம் உடைத்த கிலோவையும் அவர் போட்ட கிலோவையும் வீட்டு காலண்டரிலாவது குறித்துக்கொண்டு வாருங்கள். யார் எதிர்த்துப் பேசினார்களோ அவர்களுக்கு மட்டும் மறுநாள் எடை குறைகிறது என்பது தாளில் தெரிந்தால், தொட்டதற்கு யார் சாட்சி என்று கேட்கிறவரும் யோசிப்பார். தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பேராகப் போய்க் கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: தூய்மைப் பணியாளர் நாங்கள். குப்பையைப் பிரித்துத் தரச் சொன்னால் சில வீடுகளில் சாதி பேர் சொல்லித் திட்டுகிறார்கள். மேஸ்திரியிடம் சொன்னால் 'கண்டுக்காதே' என்கிறார். திட்டினது எல்லாம் ஒரு கேசா?
— திருப்பாதிரிப்புலியூர்

பதில்: கேஸ்தான். நீங்கள் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவராக இருந்து, பலர் பார்க்கும்படியான இடத்தில் அந்த வகுப்பில் இல்லாத ஒருவர் சாதி சொல்லித் திட்டினால், 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். நீங்கள் தெருவில் நிற்பீர்கள், அவர் வாசலில் நிற்பார், அக்கம்பக்கம் கேட்டிருக்கும், ஆக 'பலர் பார்க்கும்படி' என்பது பெரும்பாலும் பொருந்தும். டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும், முன்ஜாமீன் சுலபத்தில் கிடைக்காது.

2019-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்த 190-வது உடன்படிக்கை, அடி மட்டும் இல்லாமல் மிரட்டலையும் மனதைப் புண்படுத்துகிற நடத்தையையும், ஒரே தடவை நடந்தாலும்கூட, பணியிட வன்முறை என்று சேர்த்துக்கொள்கிறது. வேலைக்குப் போகிற வழியில் நடப்பதும் அதில் வரும். இந்தியா அதை ஏற்றுக் கையெழுத்துப் போட்ட நாடுகளில் இல்லை, அது வேறு சங்கடம். உங்கள் மேஸ்திரிக்கு ஒரு வேலை சொல்லுங்கள்: எந்தத் தெரு, எந்தக் கதவு எண், எந்தத் தேதி என்று வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்திலாவது குறிக்கட்டும். ஒரே வீட்டின் எண் மூன்று தடவை வந்தால் அந்த வீட்டுக்கு உங்களை அனுப்பாமல் அதிகாரி போய் நிற்கட்டும். இலவச வக்கீல் வேண்டுமென்றால் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் தருவார்கள்.

கேள்வி: என் மாமா ஒரு குடோனில் ராத்திரி வாட்ச்மேன். திருட வந்தவர்கள் அடித்ததில் இறந்துவிட்டார், வயது 50. 'இது கொலை, விபத்து இல்லை, அதனால் இழப்பீடு கிடையாது' என்கிறார் குடோன் முதலாளி. உண்மையா?
— கடலூர் முதுநகர்

பதில்: உண்மை இல்லை. உங்கள் மாமா குடும்பத்துக்கு என் அனுதாபம். இந்த வாதத்துக்கு நூறு வயசுக்கு மேலாகிறது. 1910-ல் இங்கிலாந்தில், தொழிலாளர் சம்பளப் பணத்தை ரயிலில் கொண்டுபோன காசாளர் ஒருவரைக் கொள்ளையடித்துக் கொன்றுவிட்டார்கள். கொலை எப்படி விபத்தாகும் என்றுதான் அங்கேயும் கேட்டார்கள். செத்தவர் தரப்பிலிருந்து பார்த்தால் அது வேலையினால் வந்த விபத்தே என்று அந்த நாட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் உச்ச நீதிமன்றமும் 2000-ல் ரீட்டா தேவி வழக்கில், வாடகைக்கு ஏறியவர்களே ஆட்டோவைத் திருடிக்கொண்டு ஓட்டுநரைக் கொன்ற விவகாரத்தில், அதே வழியில் போனது. குறிப்பிட்ட அந்த ஆளைக் கொல்வதே நோக்கம் என்றால் அது வெறும் கொலை. திருடுவது நோக்கமாக இருந்து, அதற்கு இடைஞ்சலாக நின்றவரைக் கொன்றால் அது விபத்துக் கொலை, இழப்பீடு உண்டு. உங்கள் மாமா இரண்டாவது. எஃப்.ஐ.ஆரில் திருட்டு முயற்சி பற்றி எழுதியிருக்கிறதா என்று உடனே பாருங்கள், முன்விரோதம் என்று யாராவது நுழைத்திருந்தால் அதை இப்போதே மறுத்து எழுதிக் கொடுங்கள்.

மாமாவுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்ததா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் சார்ந்தோர் உதவித்தொகையாக மாதாமாதம் பணம் வரும், சம்பளத்தின் 90 சதவீதத்தை அடிப்படையாக வைத்துக் கணக்குப் போடுவார்கள். இல்லையென்றால் முதலாளிதான் தரவேண்டும், தொழிலாளர் துறையில் இழப்பீட்டு ஆணையரிடம் மனுப் போடவேண்டும். மாதச் சம்பளத்தில் பாதியை, வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள். 50 வயதுக்கு அந்த எண் 153.09. சம்பளம் 12,000 என்று வைத்துக்கொண்டால் 6,000-ஐப் பெருக்கி 9,18,540 ரூபாய். கையில் ஒரு லட்சம் கொடுத்து வெள்ளைத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போட வேண்டாம். சம்பள ரசீது இல்லையென்றால் வங்கிப் புத்தகம், அதுவும் இல்லையென்றால் கூட வேலை பார்த்தவர் வாக்குமூலம், எதுவாக இருந்தாலும் இரண்டு வருடம் முடிவதற்குள் மனுவைப் போட்டுவிடுங்கள்.